லைனிங்

தவநேசன் மாமாவின் சாவுக்குக் கிளம்பினேன்.
கல்யாணக் கோட்டை எடுத்து மாட்டியதும்
என்னவோ குறைந்தது.
கை சொரசொரவென்று உள்ளே போனது.
திருப்பிப் பார்த்தால்
லைனிங் இல்லை.

பதினாறு வருஷம் முன்னால்
டர்பன் கிரே தெருவில் தைத்த கோட்டு.
வெளியே சாம்பல்,
உள்ளே
சாய்த்தால் பச்சை காட்டும் ஊதா சாட்டின்.
அந்த ஊதாவைப் பார்த்தவர்கள் இரண்டே பேர்,
போட்ட நானும் மடித்துவைத்த நிரோஷாவும்.

வெட்டிய விளிம்பு முழுக்கப்
பொடிப்பொடித் தையல்.
நூல் பிரியக்கூடாதென்று மடித்து அடித்திருந்தது.
திருடிய கையோடு
கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறான் திருடன்.

கவேஷா!

பன்னிரண்டு வயது.
நாலாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தினோம்.
ஏன் என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும்
ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறோம்.
இப்போது சமையலறை மேஜைதான் வகுப்பு,
குக்கர் அடிப்பதுதான் மணி.

"சனிக்கிழமை இளைஞர் குழு நாடகம்" என்றான்.
"நான்தான் ஹடீடா."

ஹடீடாவா!
இரவு ஷிப்ட் முடிந்து நான் தலை சாய்க்கும் நேரம் பார்த்துக்
கூரைமேல் உட்கார்ந்து
சாட்ஸ்வர்த் முழுவதையும் திட்டித் தீர்க்கிற
அரிவாள்மூக்கன்.
அழுக்குச் சாம்பல் பறவை.
அதற்கு எதற்கடா என் ஊதா?

பதில் சொல்லவில்லை.
பின்வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனான்.
புல்லில் மூன்று நின்று
மூக்கால் மண்ணைத் தைத்துக்கொண்டிருந்தன.
"பொறுங்க" என்றான்.
சாவுக்கு நேரமாகிறது.
"பொறுங்கப்பா."

மேகம் விலகியது.
ஒன்று திரும்பியது.
இறக்கையின் தோள்பக்கம், ஒரு கை அகலத்துக்கு,
என் கோட்டின் உள்பக்கம்.

எத்தனை செருப்பு எறிந்திருப்பேன் இதன்மேல்.

கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினான்.
இறக்கைக்கு உடைந்த குடைக்கம்பி,
மூக்குக்குத் தோட்டத்துக் குழாய்,
உடம்புக்குப்
பழைய பள்ளிக்கூடக் கால்சட்டைகள் மூன்று.
அவற்றைப் பற்றி அவனும் பேசவில்லை,
நானும் கேட்கவில்லை.
பாதிவரை எம்பிசால் மிஷினில் ஓடியிருக்கிறது தையல்,
நேராக, ஒரே அளவில்.
பிறகு திடீரென்று கோணி,
ஒன்று நீளம் ஒன்று குட்டை.
செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்குக்
கரண்ட் போனதென்று
விரலால் தடவியே சொல்லலாம்.

நிரோஷாவின் பாடக்குறிப்பைப் புரட்டினேன்.
கணக்கு: அரைவட்டம், ஆரம், இறக்கைக்கு வேண்டிய துணி.
உயிரியல்: இறகு.
கைவேலைக்கு நேரே
"அப்பாவிடம் கேட்கணும்" என்று எழுதி
அடித்திருந்தது.
ஆக, இவளுக்கும் தெரியும்.

அந்த வெறுங்கோட்டோடுதான் போனேன்.
டர்பன் புழுக்கத்தில், தகனக் கூடத்தில்,
முரட்டுக் கம்பளி முழங்கையை அறுக்க
நான் நெளிவதைப் பார்த்து
ஒரு கிழவர் என் தோளைத் தட்டினார்,
"அழுதுடு தம்பி" என்று.

சனிக்கிழமை.
மண்டபத்தில் டியூப்லைட் வெளிச்சம்.
ஊதா எடுபடவே இல்லை.
கறுப்பா சாம்பலா என்று தெரியாத ஏதோ ஒன்று,
தூரத்துக்கு அழுக்கு மாதிரி.
எனக்கு அடிவயிறு கனத்தது.
எழுந்து போய்
ஒரு ஜன்னலையாவது திறக்கலாமா என்றிருந்தது.
இரவு ஏழு மணி. திறந்து என்ன?

அவனுக்கு வசனமே கிடையாது.
ராஜா ஆணை படிக்கும்போதெல்லாம்
குறுக்கே கத்தவேண்டும், அவ்வளவுதான்.
கடைக்காரர் சில்லறை கொடுத்தால்
நன்றி சொல்லக்கூட என் முதுகுக்குப் பின்னால் போகிறவன்
குடைக்கம்பிகளை விரித்து,
கழுத்தை நீட்டி,
ஹா... ஹா-டே-டா என்று ஒரு கத்து கத்தினான் பாருங்கள்,
ராஜாவுக்கு உண்மையாகவே வசனம் மறந்துபோனது.

திரும்பும்போது காரில் கேட்டேன்:
நிறம் யாருக்கும் தெரியலையேடா?
"அதுக்குத் தெரியும்" என்றான்.
எதற்கு என்று கேட்பதற்குள்
மூக்கை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டான்.

மறுநாள் விடிகாலை ஐந்து மணி.
ஹா... ஹா-டே-டா.
கை தன்னால் செருப்பைத் தேடியது.
நிரோஷா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்,
"அவனா, அதுவா?"